கணக்கில் வராத பருவம்

தலைவன் வீதியுலா வரும்போது அவனைக் கண்டு காதல் கொள்ளும் பெண்களை ஏழு பருவத்தினராகப் பகுத்துப் பாடுவது உலா இலக்கிய மரபு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று அந்த வரிசை செல்லும். 5 வயதில் தொடங்கும் அந்தப் பட்டியல், பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, 40 வயதில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிந்தைய பெண்ணுக்கு அங்கே பெயர் இல்லை.

புலவர்கள் 40-இல் நிறுத்தினர் என்றால், நமது புள்ளிவிவரத் துறையினர் 49-இல் நிறுத்துகின்றனர். தேசிய குடும்ப நல ஆய்வு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம்தான் விரிவான கேள்விகளைக் கேட்கிறது. எத்தனை குழந்தைகள், என்ன கருத்தடை முறை, ரத்தசோகை உண்டா என்பதிலிருந்து, விருப்பமில்லாதபோது கணவரிடம் உறவுக்கு மறுப்புச் சொல்ல முடியுமா என்பது வரை அதில் கேட்கப்படுகிறது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது சுற்றில், மறுப்புச் சொல்ல முடியும் என்று 82 சதவீதப் பெண்கள் கூறியிருக்கின்றனர். அதே பெண் 50 வயதை எட்டியதும் அவரிடம் கேட்க ஆய்வாளருக்குக் கேள்வி இல்லை. 45 வயதுக்கு மேற்பட்டோர் குறித்துத் தனியாக ஓர் ஆய்வு 2017-18-இல் நடைபெற்றது உண்மை. ஆயினும், மாவட்ட அளவில் திட்டம் தீட்டப் பயன்படுவது குடும்ப நல ஆய்வே.

பொருளாதாரம் கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். எது அளக்கப்படுகிறதோ அதற்கே நிதி ஒதுக்கப்படும். அளக்கப்படாத துன்பம், இல்லாத துன்பமாகவே கருதப்படும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்ணின் தாம்பத்திய நலன் அத்தகைய ஒன்று.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, என்னுடன் பணியாற்றிய பேராசிரியை ஒருவர் மதிய உணவு வேளையில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவருடனான உறவு தாங்க முடியாத வலியைத் தந்தது. அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் வந்தது. துணிவை வரவழைத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் சென்று சொல்லியிருக்கிறார். அந்த மருத்துவரும் பெண்தான். 'பேரன் எடுத்த வயதில் இதெல்லாம் எதற்கம்மா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, தொற்றுக்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். தோழி அதன்பின் யாரிடமும் அது பற்றிப் பேசவில்லை. கணவரிடமும் பேசவில்லை. மகள் பேறுகாலத்துக்கு வந்ததைக் காரணமாக வைத்துப் படுக்கையைப் பேரக்குழந்தையின் அறைக்கு மாற்றிக்கொண்டார். 'அவருக்கு என் மேல் கோபம் மேடம். எனக்கு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்' என்றார்.

அவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை. ஏனெனில், நானும் 48 வயதில் அதே வலியோடு மூன்று ஆண்டுகள் மௌனமாக இருந்தவள்தான். முனைவர் பட்டம் பெற்றவளுக்கே தன் உடலில் நடப்பதைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் அகப்படவில்லை என்றால், களத்துமேட்டில் நிற்கும் பெண்ணின் நிலை என்ன?

முதலில் உடலில் நடப்பது என்ன என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடலாம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால், மாதவிடாய் நின்றுவிட்டது என்று மருத்துவம் கணிக்கிறது. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 46, 47 வயதையொட்டி நிகழ்கிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதே இந்த மாற்றத்தின் அடிப்படை.

உடல் திடீரென்று கொதிப்பது, இரவில் வியர்ப்பது, உறக்கம் கெடுவது, காரணமின்றி எரிச்சல் வருவது ஆகியவற்றைப் பலரும் அறிவர். அறியப்படாதது மற்றொன்று. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து, ஈரம் வற்றி, நெகிழும் தன்மையை இழக்கிறது. அங்குள்ள அமிலத்தன்மை குறைவதால் தொற்றுகள் எளிதில் வருகின்றன. உறவின்போது வலி, எரிச்சல், சில வேளைகளில் ரத்தக்கசிவு, சிறுநீரை அடக்க முடியாமை ஆகிய யாவும் இந்த ஒரே காரணத்தின் கிளைகளாக இருக்கக்கூடும். இவை அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கொண்டு மருத்துவ அமைப்புகள் பொதுப்பெயர் சூட்டியதே 2014-இல்தான். அதுவரை வழங்கிவந்த மருத்துவப் பெயருக்கு 'மூப்பால் சுருங்கிய உறுப்பு' என்பதுபோன்ற பொருள். அந்தப் பெயரைக் கேட்ட பெண் எப்படி வாய் திறப்பார்?

மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இத்தொல்லைகள் ஏதோ ஓர் அளவில் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் கொதிப்பு சில ஆண்டுகளில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். இந்த வறட்சியோ கவனிக்காமல் விட்டால் தணியாது. ஆண்டுக்கு ஆண்டு கூடவே செய்யும். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற வழக்கமான ஆறுதல் இதற்குப் பொருந்தாது. இது தாம்பத்தியம் மட்டும் சார்ந்ததும் அன்று. கணவரை இழந்தவர், மணமாகாதவர் ஆகியோருக்கும் உட்காருவதும் நடப்பதும் சிறுநீர் கழிப்பதும் துன்பமாகிவிடலாம்.

வலியும் விருப்பமின்மையும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வலிக்கும் என்று அஞ்சுபவருக்கு நாளடைவில் விருப்பம் குன்றுவது இயல்பு. உறக்கமின்மை, மனச்சோர்வு, சில ரத்த அழுத்த மருந்துகள், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் ஆகியவையும் விருப்பத்தைக் குறைக்கும். மறுபுறம், கருத்தரிக்கும் அச்சம் நீங்கியதால் இந்தப் பருவத்தில்தான் நிம்மதியாக இருக்கிறோம் என்று சொல்லும் பெண்களும் உண்டு. விருப்பம் இல்லாமையே ஒரு நோய் அன்று. அந்த இன்மை அந்தப் பெண்ணை வருத்துகிறதா என்பதே அளவுகோல். வருத்தவில்லை எனில் அது அவருடைய உரிமை. வருத்துகிறது எனில் அவருக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு.

சிகிச்சை கடினமானதும் அன்று. பெரும் பொருட்செலவு வைப்பதும் அன்று. முதல் படியாக, மருந்துக் கடைகளில் கிடைக்கும் நீர் சார்ந்த வழுவழுப்பூட்டும் ஜெல்லும், ஈரப்பதம் காக்கும் களிம்பும் பலருக்குப் போதும். அவற்றால் தீராதபோது, பிறப்புறுப்பில் மட்டும் இடக்கூடிய குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பையோ மாத்திரையையோ மருத்துவர் பரிந்துரைப்பார். அது அந்த இடத்திலேயே வேலை செய்கிறது. ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இரண்டு நாளில் நிறுத்திவிடக் கூடாது. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி, சிறுநீர்க் கசிவுக்கு நல்ல பலன் தருவது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் எந்த ஹார்மோன் மருந்தையும் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கலந்த பிறகே தொடங்க வேண்டும்.

இத்தனை எளிய மருந்து ஏன் பரவலாக எழுதித் தரப்படவில்லை? அதற்குப் பின்னே ஒரு புள்ளிவிவரக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் பெண்கள் நலன் குறித்து நடந்த பேராய்வின் ஒரு பகுதி 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களைக் கொண்ட ஆய்வு அது. இரு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டோருக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தனர். மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்தினர்.

அந்த 26 சதவீதத்தை விரித்துப் பார்த்தால், ஓராண்டில் 10,000 பெண்களில் 30 பேருக்கு வரக்கூடிய நோய் 38 பேருக்கு வந்தது என்பதே பொருள். 10,000 பேருக்கு 8 பேர் கூடுதல். அந்த எட்டுப் பேரின் துயரம் சிறிதன்று. ஆனால், சதவீதத்தை மட்டும் சொல்லி அடிப்படை எண்ணை மறைத்தால் எந்தப் புள்ளிவிவரமும் பூதமாகிவிடும் என்பது எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்க்கும் நாங்கள் சொல்லித்தரும் பாடம். ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதையும் பலர் கவனிக்கவில்லை. மாதவிடாய் நிற்கும் வயதினருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாத, வேறு தடை இல்லாத பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சையால் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது வட அமெரிக்க மாதவிடாய் நிற்றல் சங்கம் 2022-இல் வெளியிட்ட நிலைப்பாடு.

இதைவிட வேதனையான செய்தி ஒன்று உண்டு. அந்த ஆய்வு சோதித்தது விழுங்கும் மாத்திரையை. ஆனால், ஆய்வில் சோதிக்கப்படவே இல்லாத, குறைந்த அளவுக் களிம்பின் உறையிலும் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்ற அதே எச்சரிக்கைக் கட்டம் அச்சிடப்பட்டது. கடையில் வாங்கி வந்த பெண், உறையைப் படித்துவிட்டு மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இந்த எச்சரிக்கைக் கட்டங்களை அகற்றும் முடிவை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில்தான் அறிவித்தது. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே உட்கொள்வது பற்றிய எச்சரிக்கை தொடர்கிறது, அது தேவையானதே. ஆனாலும், இடைப்பட்ட 20 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் தேவையற்ற அச்சத்தால் வலியைச் சுமந்த பெண்களுக்கு யார் ஈடு செய்வது?

ஆண்களின் நிலையை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஆண்மைக் குறைவுக்கான 'வயாகரா' மாத்திரைக்கு அமெரிக்காவில் 1998-இல் அனுமதி கிடைத்தது. பெண்களின் விருப்பக் குறைவுக்கான முதல் மாத்திரைக்கு 2015-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் முதலில் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு மட்டும். நம் ஊர் நிலையும் இதுவே. சிட்டுக்குருவி லேகியத்துக்கும், ஊர் ஊராக விடுதியில் தங்கிச் சிகிச்சை தரும் வைத்தியருக்கும் பத்திரிகையிலும் பேருந்து நிலையச் சுவரிலும் விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சுவர்களில் 50 வயதுப் பெண்ணின் வலிக்கு மருந்து சொல்லும் ஒரு துண்டு விளம்பரத்தையும் நான் பார்த்ததில்லை. கேட்க வாயில்லாதவர்க்குச் சந்தையும் எதையும் கொண்டு வந்து தருவதில்லை.

சந்தை சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. சில இடங்களில் அது கத்தியோடு வருகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பெருமளவில் கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டை அதிரவைத்தது. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கூலி அலகு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் என்பது அங்கே கூலி இழப்பு. 'குழந்தைகள்தான் பிறந்துவிட்டனவே, இனி எதற்குக் கருப்பை?' என்று சொன்னால் மறுக்க அப்பெண்ணிடம் என்ன இருக்கிறது? பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களிலும் தேவையற்ற கருப்பை நீக்க அறுவைச் சிகிச்சைகள் நடந்ததாகத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், இவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

நோயாளிக்குத் தேவை இல்லாதபோதும் சிகிச்சை தருபவரே தேவையை உண்டாக்குவதைப் பொருளாதாரத்தில் 'வழங்குவோர் தூண்டும் தேவை' என்போம். கருப்பையுடன் சினைப்பைகளும் அகற்றப்பட்டால், பிறர்க்குப் பல ஆண்டுகளில் படிப்படியாக நிகழும் மாற்றம், 35 வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. வறட்சியும் வலியும் எலும்புத் தேய்வும் முன்கூட்டியே வந்து சேர்கின்றன. அறுவைச் சிகிச்சைக்குக் கையொப்பம் வாங்கும்போது, உங்கள் தாம்பத்திய வாழ்வு இப்படி மாறக்கூடும், அதற்கு இன்ன மருந்து உண்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது?

குடும்பத்துக்குள்ளும் இதே மனப்பான்மைதான். மகளுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டால் தாய் தன் அறையை விட்டுத்தர வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். தந்தை திண்ணைக்கோ கூடத்துக்கோ போவார். தாய் பேரப்பிள்ளைகளோடு படுப்பார். இதை யாரும் உத்தரவிடுவதில்லை, எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டைச் சில பெண்கள் மனமுவந்து ஏற்கின்றனர். என் தோழியைப்போல, சொல்ல முடியாத வலிக்குப் புகலிடமாக ஏற்பவரும் உண்டு. கணவரோ, தான் ஒதுக்கப்பட்டதாக உள்ளுக்குள் குமைகிறார். 30 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த இருவர், ஒரு மருந்துக் குழலின் பெயர் தெரியாமல் அந்நியர் ஆகிவிடுகின்றனர்.

ஆண்களுக்கும் இதில் மறைக்கும் துயரம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 11.4 சதவீதத்தினருக்கும் தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருக்கிறது. நீரிழிவு ஆணின் உறவுத் திறனையும் பாதிக்கும். மனைவி வலியை மறைக்கிறார். கணவர் தளர்ச்சியை மறைக்கிறார். இருவரும் மற்றவருக்குத் தன் மேல் வெறுப்பு என்று எண்ணிக்கொள்கின்றனர். வேறு சில வீடுகளில் நிலைமை இதனினும் கொடிது. மனைவியின் வலி அங்கே பொருட்படுத்தப்படுவதே இல்லை. 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவும் மனைவி மீதான கட்டாய உறவைப் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. வலியோடு 'வேண்டாம்' என்று சொல்லும் பெண்ணுக்குச் சட்டத்தின் துணை முழுமையாக இல்லாத நிலையில், கணவரின் புரிதல் ஒன்றே அவருக்குக் காப்பு.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் மாதவிடாய் நிற்றல் பற்றிப் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதும், மருந்துத் தட்டுப்பாடு ஏற்படும் அளவுக்குத் தேவை பெருகியது. 2023 ஏப்ரல் முதல், இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஒரு முறை 20 பவுண்டுக்கும் குறைவான தொகையைச் செலுத்தினால் ஆண்டு முழுவதும் ஹார்மோன் மருந்துகளை வேறு கட்டணமின்றிப் பெறும் ஏற்பாடு வந்தது. பேச்சு முதலில் வந்தது. கொள்கை அதன்பின் வந்தது.

நமக்கு இங்கே புதிய கட்டடங்களோ பெரும் நிதியோ தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கின்றனர். 45 வயதைக் கடந்த பெண்களிடம், தனிமையில், இரண்டு கேள்விகளை அவர்கள் சேர்த்துக் கேட்கலாம்: 'மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பில் வறட்சியோ வலியோ இருக்கிறதா? நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா?' இரண்டாவது கேள்வி உயிர்காக்கும் கேள்வி. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கூச்சத்தால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத பெண், மற்றதற்கும் சொல்லாமல் போகிறார் என்பதே இந்த மௌனத்தின் மிகப் பெரிய விலை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருப்பில் இருக்க வேண்டும். இளம் மருத்துவர்களுக்கு மகப்பேறு பற்றிக் கற்பிக்கும் அளவு கவனத்தில் ஒரு பங்காவது மகப்பேற்றுக்குப் பிந்தைய 30 ஆண்டுகளுக்கும் தரப்பட வேண்டும். குடும்ப நல ஆய்வின் வயது வரம்பு 49-ஐத் தாண்டி நீள வேண்டும். இந்தியப் பெண்ணின் சராசரி ஆயுள் 70-ஐக் கடந்துவிட்ட காலத்தில், அவர் வாழ்வின் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட காலத்தைக் கணக்கெடுக்காமல் விடுவது எந்த அறிவியல்?

தோழியின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. நான் எனக்கு உதவிய மருத்துவரின் பெயரை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு மாதங்கள் கழித்து, அதே உணவு மேசையில், 'இவ்வளவுதானா மேடம் இது! இதற்கா நான் இத்தனை நாள் அழுதேன்?' என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுந்திருந்தது. கணவரையும் அந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் வாயாலேயே விளக்கம் கேட்க வைத்ததாகச் சொன்னார்.

இதைப் படிக்கும் ஆண்கள், மனைவியிடம் இன்று ஒரு கேள்வி கேளுங்கள்: 'உனக்கு வலிக்கிறதா?' பெண்கள், உங்கள் மருத்துவர் சிரித்தால் வேறொரு மருத்துவரைத் தேடுங்கள். பேரன் எடுத்த வயதில் இது எதற்கு என்று கேட்பவருக்கு ஒரே விடைதான் உண்டு. பேரன் எடுத்தவளுக்கும் உடல் இருக்கிறது. அதில் வலி இருந்தால் அதற்கு மருந்தும் இருக்கிறது.